பேட்டரி குடித்த ரேடியோ

ஐம்பதுகளின் பின்பாதியில் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் நான் கிராம சேவிகாவாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. சர்க்கார் எனக்கு ஒரு சைக்கிளும், ஒரு காக்கிப் பையும், புகையில்லா அடுப்பு கட்டுவது எப்படி என்று படம் போட்ட ஒரு அட்டையும் கொடுத்து, போய் ஊரைத் திருத்து என்று அனுப்பிவிட்டது. ஊர் என்னவோ திருந்தவில்லை. நான் முழங்கை வரை சேறு பூசிக்கொண்டு கட்டிய அடுப்புகளில் பாதிக்கு மேல் கோழிகள்தான் முட்டையிட்டன. புகையே வராத இடம் அல்லவா, கோழிக்கு வசதிதான்.

எனக்கு முன்பே அந்த ஊருக்கு வந்து சேர்ந்த இன்னொரு சர்க்கார் சொத்து, ரேடியோ. ஊரில் கரண்ட் கிடையாது. அதனால் அது பேட்டரியில் பாடும் ரேடியோ. பேட்டரி என்றால் இப்போது சட்டைப்பையில் போடுகிறார்களே, அது இல்லை. நாலு செங்கலை அடுக்கிக் கட்டின அளவு இருக்கும். ரேடியோவை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பஞ்சாயத்துக் கூடத்துச் சுவரில் ஆளுயரத்தில் மாட்டியிருந்தார்கள். சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் வைக்க வேண்டும், அப்படி வைத்தால் பேட்டரி மூன்று மாதம் வரும் என்று சட்டம். பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது. நான் குடியிருந்த அறை கூடத்துக்கு ஒட்டினாற்போல் இருந்ததும், ஊரில் நான் பொறுப்பானவள் என்று எல்லோரும் நம்பியதும்தான் அதற்குக் காரணம்.

புதன்கிழமை சாயங்காலம் ரேடியோவில் ஒரு சிரிப்பு நாடகம் வரும். வாராவாரம் கால் மணி நேரம். மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் ஒரு குமாஸ்தா, கீழ்வீட்டுப் பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டு, அதைச் சொல்ல வாய் வராமல் தவிப்பதுதான் கதை. மொத்தக் கதையே அவ்வளவுதான். ஒரு வாரம் துண்டை வேண்டுமென்றே கீழே போட்டுவிட்டு எடுக்கப் போவார். ஒரு வாரம் உப்பு இல்லை என்று போவார். அந்தப் பெண் உப்பைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிடும். இவர் கையில் உப்போடு மாடிப்படியில் நின்று தனக்குத்தானே பேசிக்கொள்வார். ஊர் உருண்டு புரண்டு சிரிக்கும். அவருக்கு ஊர் வைத்த பெயர் மாடிக்காரன்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே ஒரு கயிறு. பெண்கள் பக்கம் முதல் வரிசை மாதர் சங்கத் தலைவிக்கு. நாற்று நடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, வாய்ச் சண்டையிலும் அப்படித்தான். மாடிக்காரன் துண்டைப் போட்ட வாரம் அவளுக்குப் பொறுக்கவில்லை. ரேடியோவைப் பார்த்தே திட்டினாள்.

"வாயைத் தொறந்து சொல்லித் தொலையேன்டா, நைனா. துண்டு ஒரு சாக்கா உனுக்கு?"

கூடத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. இத்தனைக்கும் அந்த வாரத்துக்குள் நான் இரண்டு பேட்டரிகளைத் தின்று முடித்திருந்தேன்.

அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ரேடியோ மெக்கானிக்கைச் சொல்ல வேண்டும். பேட்டரி தீர்ந்தால் நான் பிளாக் ஆபீசுக்கு ஒரு கார்டு போடுவேன். ஒர்க்‌ஷாப்பிலிருந்து அவர் சைக்கிள் கேரியரில் புதுப் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வருவார். முதல் தடவை அவர் வரப்பு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நான் எதிரே என் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். அவருக்கு வழிவிடுவதாக நினைத்து ஹேண்டில்பாரை ஒடித்தேன். அப்படியே வாய்க்காலில் விழுந்தேன். அவர் ஓடிவந்து முதலில் என் சைக்கிளைத் தூக்கினார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். கோட்டம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பி, அடிபட்டதா என்று கேட்டார். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று முடிவு செய்தேன். இப்போது யோசித்தால், அந்த முடிவுக்கு அங்கே ஒரு ஆதாரமும் இல்லை.

சிவந்த நிறமோ சுருட்டை முடியோ ஒன்றும் இல்லை. மெலிந்த ஆள், நகக்கண்ணில் எப்போதும் ஈயப் பற்று. பேசினால் ரேடியோவைப் பற்றிப் பேசுவார், இல்லாவிட்டால் பேசமாட்டார். ஆனால் நாடகம் வரும்போது ஆண்கள் பக்கம் கடைசியில் சுவரோரம் உட்கார்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பார். அதைப் பார்க்க எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது போதவில்லை.

வழி எளிதாகவே இருந்தது. மத்தியானம் ஊர் கழனிக்குப் போய்விடும். நான் பெட்டியைத் திறந்து ரேடியோவைப் போட்டுவிட்டு, சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவேன். ரேடியோ நிலையம் மூடியிருக்கிற நேரம். பாட்டும் இல்லை பேச்சும் இல்லை, அது பாட்டுக்குப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். நான் பக்கத்து அறையில் சேவிகா டைரி எழுதுவேன். அன்று எத்தனை பேருக்குச் சுகாதாரம் போதித்தேன் என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வரும். மூன்று மாதப் பேட்டரி ஒரு மாதத்துக்குள் தீரும். ஞாயிறு திங்களில் அது சாகும்படி கணக்குப் போட்டால், கார்டு செவ்வாயன்று போய்ச் சேரும், அவர் புதன் மத்தியானம் வருவார். பேட்டரியை மாட்டி, சாயங்காலம் நிலையம் திறந்த பிறகுதான் சரிபார்க்க முடியும். அதுவரை இருந்தே ஆக வேண்டும். நான் டீ போட்டுக் கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும் சர்க்கரை அதிகமாகப் போட்டுவிடுவேன். அவர் ஒவ்வொரு தடவையும் குடித்துவிடுவார். அதற்கு நான் கொடுத்துக்கொண்ட அர்த்தங்களை எழுதினால் தனிப் புத்தகம் வரும்.

என்னை அவர் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். ஊரும் அப்படித்தான் கூப்பிட்டது, 'சேவிகாம்மா' என்று. அந்த மரியாதையால் எனக்கு ஒரு பலனும் இல்லை. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு என்னோடு உட்கார்ந்து வெட்டியாகப் பேச அந்த ஊரில் ஓர் ஆள் கிடையாது. திருவள்ளூரில் ஆறு பேர் கத்துகிற வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த அறையில் சில நாள் என் டம்ளரோடு நானே பேசியிருக்கிறேன். தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

மூன்றாவது பேட்டரிக்கு வந்தபோது அவருக்குச் சந்தேகம் வந்தது, என் மேல் அல்ல, ரேடியோ மேல். பெட்டியிலிருந்து அதை இறக்கிப் பாயில் வைத்து, ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் கவலையோடு, "இந்த செட்டு பேட்டரி குடிக்குதும்மா" என்றார். நானும் கவலையோடு தலையாட்டினேன். அவர் அந்த ரேடியோவைப் பக்கத்து ஊரான எளாவூருக்கு எடுத்துப் போய்விட்டு, எளாவூர் ரேடியோவை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து மாட்டினார். எளாவூர் ரேடியோவும் பாவம் எங்கள் ஊர்த் தண்ணீர் பட்டதும் பேட்டரி குடிக்க ஆரம்பித்தது.

நாலாவது பேட்டரி ஒழுங்காகத் திங்கட்கிழமை செத்தது. ஐந்தாவதில் கணக்குத் தப்பியது.

அந்த வாரத்து நாடகத்தைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், மாடிக்காரன் இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல முடியாது என்ற கட்டத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தார்கள். கூடம் நிறைந்து வாசல் வரை ஆட்கள். கூட்டத்தைச் சாக்காக வைத்துக் கயிற்றைக் கழற்றியே விட்டார்கள். மாடிக்காரன் படியிறங்கி வந்தான். கதவைத் தட்டினான். அந்தப் பெண் திறந்தது. "நான் உங்களிடம் ஒன்று..." என்று ஆரம்பித்தான். அத்தோடு பேட்டரி செத்தது.

அப்படியொரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. பிறகு அப்படியொரு கூச்சலையும் கேட்டதில்லை. ஒருவர் பெட்டியைத் தட்டினார், ஒருவர் குலுக்கினார். சொல்லியிருப்பான் என்று ஒரு கட்சி, சொல்லியிருக்க மாட்டான் என்று ஒரு கட்சி சேர்ந்து இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை மாதர் சங்கத் தலைவி நாலைந்து பேரோடு என் அறைக்கு வந்தாள். ரேடியோக்காரன் மேல் மனுக் கொடுக்க வேண்டும் என்றாள். புதுப் பேட்டரியை எங்கேயோ விற்றுவிட்டு நமக்குப் பழசைக் கொண்டுவந்து மாட்டுகிறான், இல்லாவிட்டால் மாதாமாதம் எப்படிச் சாகும் என்று கேட்டாள். ஊரில் திருத்தமாக எழுதத் தெரிந்த பெண்பிள்ளை நான்தானாம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டுமாம்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. எதிரே ஐந்து பேர் இடுப்பில் கை வைத்து நின்றால் காதலாவது ஒன்றாவது. "பழசு" என்று அவள் சொன்ன இடத்தில் "சற்றே வலு குறைந்தது" என்று எழுதினேன். "விற்கிறான்" என்ற இடத்தில் "விற்கிறாரோ என்று ஐயுறுகிறோம்" என்று எழுதினேன். மனு முன்னைவிட மோசமாக, யாரோ வக்கீல் எழுதியதுபோல் ஆகிவிட்டது. அவளுக்குப் பரம திருப்தி. ஆளுக்கொரு கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்கள். மாடிக்காரன் கையில் உப்போடு நின்றானே, அதே இடத்தில்தான் நானும் நிற்கிறேன் என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

அடுத்த புதன் அவர் புதுப் பேட்டரியோடு வந்தபோது ஊர் அவரை முறைத்தது. ஆனால் முறைப்பைவிட ஆவல் பெரியதாக இருந்தது. மனுப் போட்ட தலைவியே முதலில் கேட்டாள், அவன் என்ன சொன்னான் என்று. அவர் ஒர்க்‌ஷாப்பில் அந்த நாடகத்தைக் கேட்டிருந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாளி கேட்டான்" என்றார். ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு கூடமே வெடித்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் வாளி இரவல் கேட்டிருக்கிறான், சண்டாளன். தலைவி கண்ணீரைத் துடைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் சிரித்து அடங்குகிற நேரத்தில் அவர் மட்டும், அப்போதுதான் கதையைக் கேட்டவர்போலச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மனு என்கிற ஒன்றையே மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை நினைவூட்டினார்கள். பிளாக் ஆபீசுக்கு வரச் சொல்லி எனக்கு ஆள் வந்தது. அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். மேசையில் மனு இருந்தது. பக்கத்தில் மெக்கானிக் கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தார். ஒரே ஊருக்கு ஐந்து பேட்டரி போயிருக்கிறது, இந்த ஆள் வெளியே விற்றிருக்கிறான், வேலையிலிருந்து நிறுத்தப் போகிறேன், நீதான் அந்த ஊர்ப் பொறுப்பு, ஒரு சாட்சி எழுதிக் கொடு என்றார் அதிகாரி. பிறகு மனுவைத் தூக்கிப் பார்த்து, இது யார் எழுத்து, முத்து முத்தாக இருக்கிறதே என்றார். என்னுடையதுதான் என்றேன்.

மெக்கானிக்கோ, செட்டில் பழுது என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்குச் சட்டென்று புரிந்தது. இவருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டு, என்னைக் காட்டிக்கொடுக்காமல் வேலையை விடப் பார்க்கிறார். எனக்காக. அதிகாரிக்கு முன்னால் நிற்கிறேன் என்பதும் மறந்து சந்தோஷத்தில் என் காது இரண்டும் சுட்டது.

"சார், பேட்டரியைத் தீத்தது நான்தான்" என்றேன். "மத்தியானமெல்லாம் ரேடியோவைப் போட்டு வெச்சேன்."

மறதியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஒரு தடவை மறக்கலாம், இரண்டு தடவை மறக்கலாம், ஐந்து தடவையும் மறந்தேன் என்றால் யார் நம்புவார்கள். நான் பொய்யில் சிக்கினால் மறுபடி அவர் தலையில்தான் விழும்.

"மறதி இல்ல சார். பேட்டரி தீந்தா இவர் வருவாரு. இவரைப் பாக்கணும்னுதான்."

அதிகாரி டம்ளர் தண்ணீரைக் குடித்தார். பிறகு காலி டம்ளரையும் ஒரு தடவை குடித்தார். அவருக்கு எதிரே இப்படி ஒரு வாக்குமூலம் அதற்கு முன் வந்திருக்காது. கடைசியில் மனுவின் ஓரத்தில், மெக்கானிக் மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு, வருகிற மாதத்திலிருந்து திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு ஊருக்கு மாற்றல் என்றார். அந்த ஊரில் ரேடியோ இல்லை என்பதைக் கேட்காமலே சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் எங்கள் இரண்டு சைக்கிளும் நின்றன. நான் சொல்ல வேண்டியதை உள்ளேயே சொல்லியாகிவிட்டது, இனி அவர் முறை என்று நின்றேன். எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டேன்.

"உங்க ஊரு செட்டைத் தூக்கிப் போயி எளாவூர்ல மாட்டினேனேம்மா, அது அங்க கம்முனு ஓடிகினு கீது. எளாவூர் செட்டு உங்க ஊர்ல மாசத்துல செத்துப்பூட்சு. அப்ப செட்டுல இன்னா தப்பு கீது? அப்பவே தெரிஞ்சுபோச்சு."

தெரிந்தும் ஏன் வந்துகொண்டிருந்தீர்கள் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் சைக்கிள் மணியைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மணி.

"ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால ஒரு ரூம்ல கீறேன்மா. சுத்தி ரேடியோவா கீது, ஆளு ஒர்த்தர் இல்ல. அந்த மாடிக்காரன் கதைய தனியா குந்திகினு கேப்பேன். ஒரு நாளும் சிரிப்பு வர்ல. உங்க ஊர்ல வந்து கேட்டப்பதான் அது சிரிப்புக் கதைன்னே தெரிஞ்சுது. போன வாரம்கூட, வாளி கேட்டான்ல, ரூம்ல கேட்டப்ப எனக்கு அழுகதான் வந்துச்சு."

"அப்ப என்னைப் பாக்க வர்லையா?"

"உங்க மேல மரியாதை கீதும்மா, அதான் உள்ள உங்களைக் காட்டிக்குடுக்கல. அந்த மாதிரி நெனச்சது இல்ல. உங்க கிட்ட பொய் சொல்லக் கூடாது."

அவ்வளவுதான். காது இரண்டும் சுட்டதெல்லாம் ஆறிப்போயிற்று. வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் சிரிப்பும் வந்தது. நான் அவருக்காக ஐந்து பேட்டரியைக் கொன்றேன். அவர் கூட்டத்தோடு சிரிப்பதற்காக அதைத் தெரிந்தே கொல்ல விட்டார். சர்க்கார் பாவம், நடுவில் நின்று இரண்டு பேருக்கும் துணை தேடிக் கொடுத்திருக்கிறது. நான் சிரித்ததைப் பார்த்து அவருக்குத் தைரியம் வந்துவிட்டது போலிருக்கிறது. பேட்டரி தீராவிட்டாலும் புதன்கிழமை வரலாமா, சும்மா, என்று கேட்டார். வாருங்கள் என்றேன். வேறு என்ன சொல்வது?

மாற்றலுக்கு முன் நாலு புதன்கிழமைகள் இருந்தன. நாலுக்கும் வந்தார். நான் சர்க்கரையை அளவாகப் போட்டேன், அவர் வித்தியாசம் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. ஊர் அவரை மன்னித்துவிட்டது. என்ன நடந்தது என்று அரைகுறையாகக் கேள்விப்பட்ட தலைவி, என் முதுகில் ஒரு அடி வைத்து, நீ அந்த மாடிக்காரனைவிட மேல்தான், நீயாவது வாயைத் திறந்தாயே என்றாள். ஆண்கள் அவருக்குச் சுவரோரத்திலிருந்து முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். வாயைப் பொத்தாமல் சிரிக்கவும் பழகிவிட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று ஒவ்வொரு வாரமும் உறுதி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் திரும்பினேன்.

நாலாவது புதன், நாடகம் முடிந்து கூட்டம் கலைகிறபோது அவர் என்னிடம் வந்தார். ஏதோ சொல்ல வந்து தயங்கினார். துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். இத்தனை நடந்த பிறகும் என் மனம் இருக்கிறதே, அதற்கு வெட்கமே கிடையாது, மறுபடி எழுந்து உட்கார்ந்தது. நாளைக்குப் போகப் போகிறேன், இப்போது சொல்லிவிடுவார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அடுத்த சேவிகா வந்தப்புறமும் நான் இங்க வரலாம் இல்லம்மா? ஒண்ணும் சொல்லமாட்டாங்களே?"

"இது ஊர் ரேடியோ" என்றேன். "வர்றதுக்கு யாரைக் கேக்கணும்? நீங்க பாட்டுக்கு வாங்க."

அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெட்டிச் சாவியைத் தலைவியிடம் கொடுத்துவிட்டு அறைக்கு வந்து மூட்டை கட்டினேன். கட்டும்போது அழுதேன். அந்த ஆள் மேல் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை. ஆனாலும் புதன்கிழமை அவருக்கு உட்கார ஓர் இடம் இருக்கிறது என்பதில் மனது நிம்மதியாகத்தான் இருந்தது.